தொட்டியைப் பார்க்கப் போனவன்

வீட்டுக்குள் ஒரு கடலைக் கொண்டுவரப் போகிறேன் என்று எர்மெக் சொன்ன அன்றைக்கே ஜுபாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபது வருடக் குடித்தனத்தில் ஜன்னலோரப் பூந்தொட்டிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியவனில்லை அவன். அவர்கள் இருந்த அல்மாட்டியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் உண்மையான கடலைப் பார்க்க நாள்கணக்கில் போக வேண்டும். ஆனாலும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. குடிக்காத, சீட்டாடாத மனுஷனுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பொழுதுபோக்கு வந்தால் வரட்டுமே என்று விட்டுவிட்டாள்.

பிளாஸ்டிக் ஜன்னல் செய்து மாட்டும் பட்டறை அவனுடையது. கண்ணாடியும் பசையும் கைப்பழக்கம் என்பதால் மீன் தொட்டியைத் தானே ஒட்டினான். பட்டறை ஆட்கள் அதை மாடிப்படியில் திணறித் திணறித் தூக்கி வந்தார்கள். கூடத்தின் உறுதியான சுவரோரம் ஜுபாரின் அம்மா கொடுத்த பீங்கான் அலமாரி இருந்தது. அது பால்கனிக்குப் போயிற்று; அந்த இடத்தில் தொட்டி உட்கார்ந்தது. வடிகட்டிய தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கடலுப்பைக் கரைத்தான். ஏதோ வெப்பக் கடலிலிருந்து வந்ததாகச் சொல்லித் துளை துளையான பாறைகளை அடுக்கினான். பம்ப் ஓடியது, நீல விளக்கு எரிந்தது. மீனை மட்டும் காணோம்.

"எப்ப மீன் விடுவே?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு முகத்தில் ஒரு ஞானியின் களை வந்துவிடும்.

"தண்ணி பக்குவமாகணும் ஜுபார். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கல்லுல குடியேறணும். அதுக்கு முன்னாடி எந்த உயிரை விட்டாலும் செத்துடும். இதுல பொறுமைதான் எல்லாம்."

அந்த வசந்தம் முழுக்கப் பொறுமைதான். பட்டறையை மூடிவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறவன், இப்போது தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று ராயா கிம்மின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனான். கஸ்கெலெனில் யாரோ நல்ல பாறை வைத்திருக்கிறார்கள் என்று போனான். பம்ப் சத்தம் போடுகிறது என்று போனான். வர நேரமாகும், வந்தால் தொட்டி முன்னால் உட்கார்ந்து வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜுபார் பேருந்துப் பணிமனையில் கட்டுப்பாட்டு அறைக்காரி. ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டால் நகரத்து ஓட்டுநர்கள் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். தன் புருஷன் வேறெதற்கும் போவதில்லை, கல்லைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறான் என்று அவள் அங்கே பெருமையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கேட்டவர்களில் யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பது பின்னால் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

விஷயத்தைச் சொல்ல எர்மெக்குக்குத் தைரியமில்லை. இலையுதிர் காலத்தில் தன் அக்காவை அனுப்பினான். குல்யாஷ் அப்கே ஒரு சாக்லேட் பெட்டியும் ஒரு சுருள் குதிரை இறைச்சி கஸியும் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு பியாலா தேநீர் குடித்து முடிக்கும்வரை பருவநிலையைப் பேசிவிட்டு, பிறகு சொன்னாள். தல்கர் பக்கம் அக்போட்டா என்று ஒரு பெண். முல்லாவை வைத்து நிக்காஹ் ஆகிவிட்டது. ஆண்பிள்ளைக்கு டோகல் என்று இளையவள் ஒருத்தி அமைவது ஊரில் நடக்காததா?

"எங்க வீட்டுக் கெலின், மருமக நீ, ஒனக்கு என்ன கொறை? நீதான் பைபிஷே. மூத்தவ. வீட்டுப் பட்டா ஒன் பேர்ல, கல்யாணப் பதிவு ஒன் பேர்ல. அவ சின்னப் பொண்ணு, ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா."

ஜுபார் மேசையிலிருந்த கஸியை எடுத்து அவள் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். சாக்லேட் பெட்டியை அதன் மேல் வைத்தாள். மேலங்கியை எடுத்துவந்து நீட்டினாள். குல்யாஷ் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வந்த எர்மெக் தரையைப் பார்த்தபடி நின்றான். ஆமாம் என்று சொல்வதற்குப் பதில் அதைத்தான் செய்தான். அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான், கூடத்தைப் பார்த்தான்.

"தொட்டியை என்ன பண்றது?" என்றான்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அஸ்தானாவில் படிக்கிற மகள் தோமிரிஸுக்கு என்ன சொல்வது என்று இல்லை. தொட்டி. அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் மீன்முள்ளாகச் செருகிக்கொண்டது. அவன் பெட்டியோடு போன பிறகும், எதை விழுங்கினாலும் குத்தியது.

அந்தத் தொட்டியில் இருந்த ஒவ்வொன்றும் அவளுக்கு இப்போது விளங்கியது. இந்தப் பாறை வாங்கப் போன நாளும் அக்போட்டாவிடம்தான் போனான். இந்தக் குழாய் வாங்கிய நாளும் அங்கேதான். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனாள். நாறட்டும், அழுகட்டும் என்று நினைத்தாள்.

வேலை முடிந்து திரும்பியபோது வீட்டில் ஓசையே இல்லை. பம்பின் முனகல் இல்லாமல் கூடம் அந்நியர் வீடு மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டுத் தொட்டி அருகில் போனவள் நின்றாள். யாரும் வாங்கிப் போடாத உயிர்கள் அதற்குள் இருந்தன. பாறைத் துளையிலிருந்து நூல் கனத்தில் ஐந்தாறு கால்கள் நீண்டு, மூச்சுக்குத் தவிக்கிறதுபோல மேல்நோக்கித் துழாவின. இன்னொரு துளையில் ஒரு புழு தலையில் சின்ன விசிறியை விரித்து வைத்திருந்தது. பாறைக்குள் ஒட்டிக்கொண்டு வந்து, இத்தனை மாதமும் இருட்டில் பிழைத்துக் கிடந்தவை.

அவளுக்கு மனம் இளகவில்லை. எரிச்சல்தான் கூடியது. கொல்வதென்றால் அவனையல்லவா கொல்ல வேண்டும், இந்தப் புழு என்ன செய்தது என்று வாய்விட்டே சொன்னாள். வாய்க்கு வந்த வசவையெல்லாம் அவன் பெயரில் சொல்லிக்கொண்டே ஒயரைத் திரும்ப மாட்டினாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஜாம் போத்தலில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ராயாவின் கடைக்குப் போனாள். தண்ணீர் சாக்குதான். அவன் இங்கே எத்தனை தடவை வந்தான் என்று தெரிய வேண்டும். ராயா கொரிய வம்சத்துக்காரி, அறுபதைத் தாண்டியவள், யாருக்காகவும் பூசி மெழுகிப் பேசுகிற பழக்கமில்லாதவள்.

"எர்மெக்கா? உப்பு வாங்க வந்தாரு. பம்ப் வாங்க இன்னொரு வாட்டி. அதோட சரி."

"தண்ணியச் சோதிக்க வரலையா?"

"ஒரு நாளும் வந்ததில்ல."

ஜுபாருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இன்னொருத்தி வாயால் கேட்பது வேறு. ராயா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போத்தலை வாங்கினாள். சின்னக் குப்பிகளில் தண்ணீரை ஊற்றி, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பக்குவமாகி ரொம்ப நாளாச்சே. கண்ணாடி பூரா பழுப்பா பாசி படிஞ்சிருக்குமே. இன்னும் யாருக்காகக் காத்திருக்கே?"

யாருக்காக. அந்தக் கேள்வியில் ஜுபாருக்கு ரத்தம் தலைக்கேறியது. முதல் உயிரை அவன் கையால் விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். பாசி தின்னும் நத்தைகளும், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகளும் வாங்கினாள். எப்படி விட வேண்டும் என்று ராயா சொல்லிக்கொடுத்தாள். முதலில் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கணும். அப்புறம் ஒரு வாளியில் கொட்டி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்கணும். பைத் தண்ணி ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

வீட்டில் வாளி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காரியத்துக்காக இவ்வளவு நேரம் அசையாமல் அவள் எப்போதும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த நேரம் முழுக்க அவனோடு சண்டை போட்டாள். அவன் சொல்லக்கூடிய பதில்களையும் அவளே சொல்லி, அதற்கும் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாறை மேல் வைத்தாள். நத்தைகள் வெகுநேரம் கல்லோடு கல்லாகக் கிடந்தன. செத்துவிட்டனவோ என்று அவள் பயந்துபோன பிறகு, ஒன்று மெல்லக் கொம்பை நீட்டிப் பழுப்புக் கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. அது போன வழியெல்லாம் கண்ணாடி தெளிந்தது.

பனி விழுந்து ஊர் வெளுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜுபார் எண்ணெயில் பொரிக்கும் பவர்சாக் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. எர்மெக் உள்ளே வந்தான். ஒரு தெர்மாகோல் பெட்டியை மார்போடு அணைத்திருந்தான். முகத்தில் விருந்துக்கு வந்தவனின் சிரிப்பு.

"இன்னிக்கு முதல் உயிரை விடறோம்," என்றான், நேற்றுத்தான் போனவன்போல. "கோமாளி மீன். ஜோடி."

அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குப் போனான். தொட்டி முன்னால் நின்றவனின் சிரிப்பு சுருங்கியது.

"நத்தை ஏது? யாரைக் கேட்டு விட்டே?"

"யாரைக் கேக்கணும்?"

"இது என் தொட்டி ஜுபார். நான் கண்ணாடி ஒட்டினது. நான் உப்புக் கரைச்சது. முதல் உயிர் நான்தான் விடணும்னு எத்தனை நாளா வச்சிருந்தேன் தெரியுமா? எல்லாத்தையும் கெடுத்துட்டே."

அவனுக்குக் கோபம் வந்திருந்தது. அந்த வீட்டில் நின்றுகொண்டு கோபப்படும் உரிமை தனக்கு இருப்பதாக அவன் நினைத்தான். ஜுபார் மாவுக் கையோடு சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். இல்லாவிட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பாள். வழக்கப்படி தேநீர் வைத்தாள். எழுந்து போக வேண்டியவர்களுக்கு ஊற்றுவதுபோல் பியாலாவை விளிம்பு தளும்ப நிரப்பிக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். அவன் கவனிக்கவில்லை. பெட்டி மூடியை உடைத்துத் திறந்திருந்தான்; மீன் பை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அவன் கைபேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து யாரையோ வீடியோவில் அழைத்துக்கொண்டிருந்தான்.

"அதோ பாரு, இதான்," என்றான் கைபேசியைப் பார்த்து. "இப்ப விடப்போறேன், பாத்துக்கோ."

"எவ்ளோ பெருசா இருக்கு," என்றது ஒரு பெண் குரல்.

ஜுபாருக்கு யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எர்மெக் பையை வெட்டி அப்படியே தொட்டிக்குள் கவிழ்ப்பதற்காகக் கத்தரியை எடுத்தான். அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைத் தண்ணி உள்ள போகக் கூடாது. சொட்டு விட்டுத்தான் விடணும். பொறுமைதான் எல்லாம்னு சொன்னவன் நீதானே."

திரையிலிருந்த பெண் அவளைப் பார்த்துவிட்டாள்.

"அப்கே, சலாம். நான் அக்போட்டா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அக்கா என்று அவள் அழைத்தது ஜுபாரின் காதில் கொதிக்கும் எண்ணெயாக இறங்கியது.

"எதுக்கு நன்றி?"

"நீங்க மனசு வச்சு சம்மதிச்சீங்களே. எல்லாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. அதனாலதான் வாரத்துல பாதி நாள் அவர் அங்க தங்கினாலும் நான் ஒண்ணும் சொல்றதில்ல. தொட்டியைப் பாக்கணும், ராத்திரியில ஆள் இல்லாம விட முடியாதுன்னு சொன்னார்."

"எங்க தங்கறார்?"

"உங்க வீட்லதான் அப்கே."

பம்ப் முனகிக்கொண்டிருந்தது. எர்மெக் கைபேசியை எடுக்கக் கையை நீட்டினான். ஜுபார் அதற்குள் எடுத்துவிட்டாள். திரையில் அவள் விரல் பட்ட இடத்தில் மாவு ஒட்டியது.

"இங்க பாரு பொண்ணு. பெட்டியோட போனதிலிருந்து அவன் இந்தப் படியை மிதிச்சதே இல்ல. இன்னிக்குத்தான் வரான். நான் எதுக்கும் சம்மதிக்கல. என்னை யாரும் கேக்கவும் இல்ல."

அந்த முகம் மிக இளமையாக இருந்தது. அது மெல்லச் சிவப்பதை ஜுபார் பார்த்தாள்.

"அப்ப எங்க இருந்தார்?"

"போன வசந்தத்துல நானும் அதைக் கேட்டிருக்கணும். அப்பவும் தொட்டி பேரைச் சொல்லிட்டுத்தான் போனான், உங்கிட்ட வந்தான். இப்ப எங்க போறான்னு நீயே கேளு." கைபேசியை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

எர்மெக் ஒரு முகத்தைப் பார்த்தான், இன்னொரு முகத்தைப் பார்த்தான். ஓட இடமில்லை.

"பட்டறையில," என்றான்.

"யாரோட?" என்றது கைபேசி.

"யாரோடவும் இல்ல. தனியா. சோபால படுத்துக்குவேன். அங்க வந்தா நீ கேள்வி கேக்கறே, இங்க வந்தா இவ எரிஞ்சு விழறா. மனுசன் எங்கதான் போவான்?"

ஜுபார் அதை நம்பினாள். பொய் சொல்லும்போது அவன் இவ்வளவு மட்டமாகப் பேசமாட்டான். நம்பிய பிறகுதான் கோபம் கிளம்பியது. மூன்றாவதாக ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளுக்கு விளங்கியிருக்கும். இருபது வருட வாழ்க்கையை உடைத்து, ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொல்லிக் கட்டி, கடைசியில் இவன் பட்டறைச் சோபாவில் தனியாகப் படுத்துக் கைபேசி பார்ப்பதற்குத்தானா இத்தனையும்?

"முல்லா முன்னாடி சொன்னார் அப்கே, உங்க சம்மதம் இருக்குன்னு," என்றாள் அக்போட்டா. "என்னை மன்னிச்சுக்கோங்க."

மன்னித்தேன் என்று ஜுபார் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்கவும் அவளிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. ஆனால் அன்றைக்கு அவளிடமிருந்த கோபம் முழுவதும் அவனுக்கே வேண்டியிருந்தது. திரை அணைந்தது.

"திருப்தியா?" என்றான் எர்மெக். "என் குடும்பத்தையே கெடுத்துட்டே."

"எந்தக் குடும்பத்தை?"

அவன் கைபேசியை வாங்கிக் கால்சட்டையில் துடைத்தான். தனக்கு இந்த வீட்டில் ஒரு மூலை கூடவா கிடையாது என்று முணுமுணுத்தான். அவள் கையை நீட்டினாள்.

"சாவியை வை."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். பூட்ஸ் மாட்டிக்கொண்டவன் திரும்பித் தொட்டியைப் பார்த்தான்.

"மீனை எடுத்துட்டுப் போறேன். என் மீன்."

"வெளியில பனி கொட்டுது. பெட்டி மூடியை வேற ஒடச்சுட்டே. கார் வரைக்கும் போறதுக்குள்ள வெறச்சுடும். மீன் இருக்கட்டும். நீ போ."

அவன் போன பிறகு அவள் கத்தினாள். ஒலிபெருக்கி இல்லாமலே கீழ்வீடு வரை கேட்டிருக்கும். கத்தி முடித்தபோது பை கண்ணில் பட்டது; அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. உள்ளே அந்த ஆரஞ்சு நிறச் சின்னஞ்சிறு ஜோடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

வாளியை எடுத்தாள். குழாயில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. சொட்டு கொஞ்சம் வேகமாகவே விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வசவு வந்தது. போகப்போக வசவுகள் தீர்ந்து, சொன்னவற்றையே திரும்பச் சொன்னாள். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு வலையில் மீன்களைத் தூக்கி உள்ளே விட்டாள். ஒன்று பாறை இடுக்குக்குள் பாய்ந்து மறைந்தது. மற்றது மூலைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டத்துக்கு எதிராக வாலை ஆட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றது. வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்து பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது.

மூலையில் நின்றது பிழைக்கவில்லை. உடம்பில் வெள்ளையாகப் பூத்து, சாப்பிடாமல், மூன்றாம் நாள் காலையில் பாறை மேல் சாய்ந்து கிடந்தது. கைபேசியில் அனுப்பிய படத்தில் ராயா அதைப் பார்த்துவிட்டு, இது தன் கடை மீன் இல்லை, வரும்போதே நோயோடு வந்தது, சந்தையில் எவனிடமோ வாங்கியிருக்கிறார் என்றாள். ராயாவின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அவன் வேறெங்கோ வாங்கியிருக்கிறான். அதற்கும் ஒரு உயிர் போனது. ஜுபார் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கீழே போனாள். மரத்தடியில் தரை இறுகிக் கிடந்ததால் பள்ளம் தோண்ட முடியவில்லை. பனிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள். இன்னொன்றைத் தனித் தொட்டியில் விட்டு மருந்து போடும்படி ராயா சொன்னாள். ஜுபார் பெரிய கண்ணாடி ஜாடியில் அதை வைத்து, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் தண்ணீர் மாற்றி, அது இரையைக் கவ்வும்வரை விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் குல்யாஷ் அப்கே மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கையில் எதுவும் இல்லை. அக்போட்டா அவன் துணிகளைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். தம்பி பாதியாக இளைத்துவிட்டானாம். ஜுபார் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அவனோட அக்கா நீங்க. ஒங்க வீட்ல சோபா இருக்கில்ல அப்கே?" என்று மட்டும் கேட்டாள்.

குல்யாஷ் வாயைத் திறந்தாள், மூடினாள், போய்விட்டாள்.

விவாகரத்து மனுவை ஜுபாரே எழுதிக் கொடுத்தாள். முதல் வாய்தாவுக்கு எர்மெக் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தான். வீடு அவள் பேரில் இருந்தது. காரும் பட்டறையும் அவனுக்குப் போயின. தொட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே படிக்கட்டில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நின்றான்.

"மீனெல்லாம் சாப்பிடுதா?" என்றான்.

அவளிடம் சொல்ல இலையுதிர் காலத்திலிருந்து சேர்த்து வைத்தது ஏராளமாக இருந்தது. ஒரு மீன் செத்துப்போனது அவனுக்குத் தெரியாது. அதையாவது மூஞ்சியில் அறைந்தாற்போலச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் இவன் வருத்தப்படுவான். வருத்தப்பட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்பான்.

"சாப்பிடுது," என்றாள். பேருந்து வருவதைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.